நாற்பத்து மூன்று அடிக்கு ஓர் இடம்

வண்டியின் கூரையில் பைன் மரக்கிளை உரசிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற ஹூப்பர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போல வைத்திருந்தார். வண்டிக்குள் என் மனைவி லோர்னாவின் ஆக்சிஜன் மெஷின் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன்.

உங்கள் போலீஸ் அறிக்கையில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், டெபுடி. பெருக்கல் குறியைப் பார்த்தால் நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் நிறுத்தவும் செய்தேன்.

ஓய்வு பெறும்வரை ஸ்கூல் பஸ் ஓட்டியவன் நான். ஒரு தபால் பெட்டியில்கூட இடித்ததில்லை. நாங்கள் குடியிருக்கிற இந்த மோட்டார்ஹோமைப் பின்னால் எடுப்பது பஸ் மாதிரி இல்லை. ஒரு வீட்டைப் படுக்கையறைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவது போல. ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் நிற்கிற ஆள்தான் அவனுக்குக் கண். அதனால்தான் வண்டிகளை நிறுத்தித் தங்கும் விடுமுறை முகாம்களில் ஒரு பெரிய வண்டி நுழைந்தால், முன்பின் தெரியாதவர்கள்கூடக் கையிலிருக்கும் பீரை வைத்துவிட்டு எழுந்து வந்து வழி காட்டுவார்கள். எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பின்னால் நிற்பவன் கண்ணாடியில் மறைந்துவிட்டால், ஓட்டுகிறவன் நிறுத்திவிடுவான். அந்த நம்பிக்கையில்தான் ஒரு மனிதன் பதினைந்து டன் வண்டிக்குப் பின்னால் போய் நிற்கிறான்.

ஹூப்பர் அந்த முகாமின் காவலர். இடுப்பிலிருந்து டேப்பை உருவி வண்டியை அளந்தார்.

"நாற்பது அடின்னு பதிவு பண்ணியிருக்கீங்க சார். இது நாற்பத்து மூணு."

"பம்பரைச் சேர்த்தா அளந்தீங்க?"

"ஏன், பம்பரை வீட்டுல கழட்டி வச்சுட்டா வந்தீங்க?" என்றார். "எல்லாரும் ரெண்டடி குறைச்சுத்தான் சொல்லுவாங்க. நானும் ரெண்டடியைக் கண்டுக்க மாட்டேன். மூணாவது அடிதான் போய் மரத்துல முட்டுது. போங்க சார், இது இங்க நுழையாது."

இதில் நான் செய்தது ஊரில் இல்லாத தவறு ஒன்றும் இல்லை. பதிவு செய்யும் கம்ப்யூட்டரில் நாற்பத்து மூன்று என்று போட்டால், மொன்டானா மாநிலத்தில் ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விடுமுறைக்கு ஓர் இடமும் வராது. நாற்பது என்று போட்டால் வரும். பெரிய வண்டி வைத்திருக்கிற எல்லோரும் நாற்பது என்றுதான் போடுவார்கள். போட்டுவிட்டு, நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுவார்கள்.

ஆனால் அன்று எங்களால் அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை. வண்டியின் ஜெனரேட்டர் காலையில் கருகிவிட்டது. அது கருகும்போது உள்ளே இருந்த வயர்களையும் சேர்த்துக் கருக்கிவிட்டது. எஞ்சின் ஓடும், ஆனால் உள்ளே ஒரு பல்பு எரியாது. லோர்னாவுக்கு நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. மூக்கில் குழாய் இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் உதடு நீலமாகிவிடும். மெஷினுக்கு உள்ளே ஒரு பேட்டரி உண்டு, அது முடியப்போகிறது என்றுதான் கத்திக்கொண்டிருந்தது. கூடவே வைத்திருந்த சிலிண்டரில் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்திருந்தது. ஒவ்வோர் இடத்திலும் மின்சாரப் பெட்டி இருக்கும் முகாம் ஒன்று, அதில் நாற்பத்து மூன்று அடி. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

இதை நான் ஹூப்பரிடம் சொல்லவில்லை. இடம் கேட்கிறவன் நோயைச் சொல்லிக் கேட்கக்கூடாது என்பது என் கொள்கை.

அடுத்த முகாமின் வாசலில் "இடமில்லை" பலகை தொங்கியது. அதற்கடுத்ததில் இடம் இருந்தது, முப்பது அடி. ஜன்னலைத் திறந்த பெண் என் வண்டியின் நீளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டாள். அங்கே திரும்ப வழியில்லாமல், வண்டிக்குப் பின்னால் இழுத்து வந்த எங்கள் சின்னக் காரைக் கழற்றி, வண்டியைத் திருப்பி, மறுபடி மாட்டினேன். காரை மாட்டிக்கொண்டு பின்னால் போக முடியாது. சுற்றிலும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் கைதட்டினான்.

நான் ஏறி உட்கார்ந்தபோது லோர்னா சொன்னாள், "வெர்னன், அந்தக் காரைக் கழட்டினியே, அப்படியே என்னை அதுல ஏத்திட்டு ஊருக்குப் போயிருக்கலாம்ல. ஆஸ்பத்திரி இருக்கு."

"வண்டியை?"

"ரோட்டோரம் நிக்கட்டும்."

"ரோட்டோரமா நிறுத்த?"

"அப்ப என்னை ரோட்டோரம் நிறுத்து," என்றாள். பேசும்போது வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினாள். "வாங்கும்போதே சொன்னேன். வீட்டை வித்து இதை வாங்காதே, இது எங்கயும் நுழையாதுன்னு சொன்னேன்."

நான் வண்டியைக் கிளப்பினேன். அவளுடைய மூச்சைச் சேமிக்க வேண்டியிருந்தது. அவள் பேசினால் நானும் பேச வேண்டியிருக்கும், நான் பேசினால் அவள் பேசுவாள்.

நாற்காலியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

ஆற்று வளைவில் இருக்கும் அந்தக் கடைசி முகாமுக்கு நாங்கள் வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மெஷின் கத்துவதை நிறுத்திவிட்டது. அது கத்தும்போதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை. லோர்னா ஜன்னலில் தலையைச் சாய்த்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

எல்லா இடத்திலும் ஆள் இருந்தது. ஆற்றங்கரை ஓரமாக ஒன்று மட்டும் நீளமாகத் தெரிந்தது. வாசலில் மின்சாரப் பெட்டி, கடைசியில் ஒரு மரமேசை, அதற்குப் பின்னால் தடித்த காட்டன்வுட் மரம். அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு குட்டி வேன், ஒரு குட்டிக் கூடாரம், ஒரே ஆள். மைக்கா. இருபத்தைந்து வயதிருக்கும். நெருப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தான். பெரிய வண்டிக்காரன் யாரைக் கேட்டாலும் சொல்லுவான், எங்கள் வயிறு எரிவது இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான். ஒரு துண்டு விரித்துப் படுக்கிறவன் பஸ் நிற்கிற இடத்தில் படுத்திருப்பான்.

அவன் எழுந்து வந்தான். வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான்.

"என்ன பெரியவரே, தெருவையே கிளப்பிக்கிட்டு வந்துட்டீங்களா?"

"இந்த இடம் எனக்கு வேணும் தம்பி."

"உங்களுக்கு வேணும், சரி. இதுக்கு வேணாமே. இது முப்பத்தஞ்சு அடிங்க. கல்லுல போட்டிருக்கு பாருங்க. உங்க மூக்கு ரோட்டுல நிக்கும்."

அப்போது அவன் கண் ஜன்னலுக்குப் போனது. லோர்னாவைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அவன் நல்ல பையன், அதை நான் மறுக்கவில்லை. வேனை எடுத்துப் புல்லில் நிறுத்தினான். கூடாரத்தைச் சுருட்டினான். நான் காரைக் கழற்றினேன். "முயற்சி பண்ணித்தான் பாப்பேன்னா பண்ணுங்க. நான் பின்னால நிக்கிறேன். கண்ணாடியில என்னைப் பாத்துக்கிட்டே வாங்க," என்றான்.

பின்னால் போய் மேசைக்கு முன்னால் நின்றான். இரண்டு கையையும் தன் பக்கம் ஆட்டினான். வா, வா, கொஞ்சம் இடது, வா. நன்றாகவே வழி காட்டினான். வண்டி இஞ்ச் இஞ்சாகப் போனது. பாதிக்கு மேல் போய்விட்டது. பிறகு கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பெருக்கல் குறி வைத்தான்.

என் முன் சக்கரம் இன்னும் ரோட்டில்தான் இருந்தது.

நான் நிறுத்தவில்லை. அவன் கண்ணாடியிலிருந்து மறைந்தான். எங்கள் சட்டப்படி அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடியில் மறைந்தாலும் பின் கேமராவில் தெரிந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். கைகளைப் பிரிக்காமலே பின்னால் நகர்ந்தான். ஓடவில்லை. நிறுத்துவேன் என்று நினைத்தான். மேசை அவன் முதுகில் தட்டியது. மேசைக்குப் பின்னால் மரம். நான் ஆக்சிலரேட்டரைச் சீராகத்தான் மிதித்தேன், வண்டி குலுங்கவில்லை. ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. முதலில் மேசை என்றுதான் நினைத்தேன். மேசையும்தான்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். காலையிலிருந்து நான் செய்ததெல்லாம் லோர்னாவின் மூச்சுக்காக. கருணை உள்ள யாரும் இதைப் புரிந்துகொள்வார்கள். ஒரு பக்கம் பெண்டாட்டி நீலமாகிக்கொண்டிருக்கிறாள், இன்னொரு பக்கம் எட்டு அடி குறைகிறது. வேறென்ன செய்வான் ஒருவன்?

சரி. நாற்காலி.

அது மைக்காவின் நாற்காலி. பச்சைத் துணி, கைப்பிடியில் கோப்பை வைக்க ஓட்டை. மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்தான். லோர்னா அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆமாம், நான் வண்டியைப் பின்னால் எடுத்தபோது. அதற்கு முன்பே.

அவளை ஜன்னலில் பார்த்ததுமே அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்து, அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, அந்த நாற்காலியில் உட்கார வைத்தான். மெஷினைத் தூக்கி வந்து அவன் பெட்டியிலேயே செருகினான். அது உடனே ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் முழங்காலில் தன் கம்பளியைப் போட்டான். "அம்மா ராத்திரி பூரா இங்கயே இருக்கட்டும், என் வேன்ல படுக்கட்டும். வயர் நீளமா இருக்கு. நான் வெளிய படுத்துக்குவேன். நீங்க வண்டியை முகாம் வாசல்ல இருக்கிற பெரிய மைதானத்துல போட்டுட்டு வாங்க பெரியவரே, சாசேஜ் சூடா இருக்கு," என்றான்.

கொஞ்ச நேரத்தில் அவள் உதட்டுக்கு நிறம் வந்துவிட்டது. நான் காரைக் கழற்றுவதைப் பார்த்து, "எங்க தம்பி போறார் இவர்?" என்று அவனிடம் கேட்டாள்.

"உள்ள நுழைக்கப் போறாராம்."

"இதையா? அவர் இதைக் கனடாவுக்குக் கொண்டு போனாலும், கனடாவைக் கொஞ்சம் தள்ளி வைங்கன்னுதான் கேக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். லோர்னா தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு தோளும் குலுங்கச் சிரித்தாள். நாங்கள் வீட்டை விற்ற பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை. இரண்டு வார்த்தை பேச மூச்சில்லாமல் இருந்தாளே, அதற்கு மட்டும் எங்கிருந்து மூச்சு வந்தது? நான் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸில் போட்டபோதும் கேட்டது. அவன் பின்னால் போகும்போதும் முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். மூக்கிலிருந்து குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவனிடம்தான் ஓடினாள், என்னிடம் அல்ல. பாதி வழியில் விழுந்துவிட்டாள். இப்போது ஆஸ்பத்திரியில் கண் திறந்துவிட்டதாகவும், என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்றும் சொன்னீர்கள். மூளைக்கு ஆக்சிஜன் போதாவிட்டால் அப்படித்தான் குழப்பமாகப் பேசுவார்கள். சரியாகிவிடும்.

உங்களிடம் டேப் இருந்தால், கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை போய் வண்டியின் முன் சக்கரத்தைப் பாருங்கள், டெபுடி. பார்த்துவிட்டு அவளிடம் போய்ச் சொல்லுங்கள். ரோட்டில் ஓர் அங்குலம்கூட நிற்கவில்லை. முழுசாக உள்ளே நுழைந்திருக்கிறது.