பல்லனும் பொக்கையும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் தங்கை, அவளைத் தன் அருங்காட்சியகத்தில் வேலைக்கு எடுக்கலாமா என்று பார்க்க வந்த மேலாளர். மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். எங்கள் வீட்டில் அது வழக்கம்தான். யாராவது தும்மினாலே ஒரு வாரத்து வேலை பறந்துவிடும்.

தொழிலைச் சொல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. காட்டு மண்ணைச் சலித்துக் காயவைத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதிலுள்ள நத்தை ஓடுகளை நாங்கள் இனம் பிரித்துக் கொடுப்போம். கடுகைவிடச் சின்ன ஓடுகள். இடுக்கியால் பிடித்தால் நொறுங்கும். ஈரத் தூரிகையின் நுனியால் தொட்டு எடுக்க வேண்டும். அவற்றில் இரண்டு இனங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஒன்றின் வாய்க்குள் ஒரு பல் உண்டு, மற்றதில் கிடையாது. லத்தீன் பெயர்கள் நீளமானவை. பல்லன், பொக்கை என்று தங்கைதான் பெயர் வைத்தாள்.

சிக்கல் என்னவென்றால், வளர்ந்து முடிந்த பிறகுதான் பல்லனுக்குப் பல் வரும். குட்டியாக இருக்கும்போது அதுவும் பொக்கை. ஓட்டின் மேலுள்ள மெல்லிய வரிகளை வைத்துத்தான் சொல்ல முடியும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குட்டிப் பல்லனைப் பொக்கைத் தட்டில் போடுவார்கள். தங்கை ஒருநாளும் போட்டதில்லை.

மேலாளர் கொண்டுவந்த ஓடுகளை அவள் பிரித்து முடித்துவிட்டுக் கை கழுவப் போனாள். அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் தூரிகையை நனைத்து, சில குட்டிப் பல்லன்களைப் பொக்கைத் தட்டுக்கு மாற்றினேன். எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவள் போய்விட்டால் மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு தலை குனிந்திருக்காதே என்று தோன்றியது.

மேலாளர் திரும்பி வந்து தட்டுகளைப் பார்த்தார். நல்ல மனிதர். "கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு குடும்மா. அடுத்த வருஷம் மறுபடி வர்றேன்" என்றார்.

அவர் போன பிறகு அவள் சிரித்தாள். "எனக்கே பொக்கை விழுற வயசு வந்திடுச்சு போலக்கா."

"உனக்கு முன்னாடி எனக்கு விழணும்டி. வரிசையை மீறாதே" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அடுத்த வருஷம் என்று அவர் சொல்லியிருந்தார். அதனால் நான் நிறுத்தவில்லை. முதலில் எப்போதாவது மாற்றினேன், பிறகு அடிக்கடி. அவள் பிரித்த தட்டை மறுபடி பார்ப்பாள், தப்பு இருக்கும். திருத்துவாள், மறுபடியும் இருக்கும். கண் மருத்துவரிடம் நானே கூட்டிப் போனேன். பரிசோதனை முடிந்ததும் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவரிடம் நான் மட்டும் பேசினேன். திரும்பி வரும்போது, "கண்ணுல ஒண்ணும் இல்லையாம். அப்போ கோளாறு தலைக்குள்ளதான்னு சொல்றார்" என்றேன். முதல் பாதி அவர் சொன்னது.

அதன் பிறகு அடுப்பை அணைத்தேனா, மாத்திரை போட்டேனா என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். கடைக்குப் போவதை விட்டாள். தோழி பேசக் கூப்பிட்டால், "நீயே பேசுக்கா, நான் ஏதாவது உளறிடுவேன்" என்பாள். நான் பேசி வைத்துவிடுவேன். தலை வாரிவிடுவேன், நகம் வெட்டிவிடுவேன். உண்மையைச் சொன்னால், அந்த மாதங்கள் நன்றாகவே இருந்தன. அம்மா போன பிறகு யாருக்கும் நான் அவ்வளவு தேவைப்பட்டதில்லை.

நேற்று அவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு மேசைக்கு வந்தாள். வெகுநேரம் நுண்ணோக்கியிலிருந்து நிமிரவில்லை.

"அக்கா, குளிக்கப் போறதுக்கு முன்னாடி எல்லா ஓட்டோட வாயையும் ஜன்னல் பக்கம் திருப்பி வச்சேன்."

"சரி."

"ரெண்டு மட்டும் சுவரைப் பாக்குது."

"நீயே அப்படி வச்சிருப்ப. மறந்திருக்கும்."

"மறக்கலக்கா." நுண்ணோக்கியைத் தள்ளி வைத்தாள். "எத்தனை நாளா?"

"முதல்ல தலையைத் துவட்டு. சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

"மேலாளர் வந்தாரே, அன்னைக்குமா?"

நான் துண்டை எடுத்து நீட்டினேன். எந்தத் தட்டிலும் சேராத ஓட்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை. மேலாளரின் எண் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். துணி எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புவதாகச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஏன் அப்படிச் செய்தாய் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அவள் இருந்த நிலைமையை நீங்கள் பார்க்கவில்லை. அடுப்பை அணைத்தோமா என்பதுகூட நினைவில் நிற்காதவள். தனியாகப் பேருந்து ஏறி, தெரியாத ஊரில், தெரியாத மனிதர்களிடம் போய் என்ன செய்வாள்? அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினேன்.