சாந்தம்மா வீட்டின் பெரிய செலவு

பெரும்பாலான குடும்பங்கள் பாலில்தான் கோட்டை விடுகின்றன. காலையில் ஒரு அரை லிட்டர், விருந்தாளி வந்தால் ஓடிப்போய் இன்னொன்று, சாயங்காலம் அது திரிந்துபோனதென்று மறுபடி ஒன்று. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், இன்ஸ்பெக்டர் சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடும்ப நிதி ஆலோசகர் பயிற்சியில் சேர்ந்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் அவர்கள் வீட்டுச் செலவுதான் எனக்குத் தெரிகிறது.

என் பெயர் பிரேம்குமார். இதற்கு முன் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். பெல்ட்டில் வரும் பாகங்களில் பழுதானதைப் பொறுக்கிச் சிவப்புத் தொட்டியில் போடுவது என் வேலை. அதைக் கேமராவே செய்துவிடும் என்று ஆனபோது என்னை அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் ஓர் அறக்கட்டளை நடத்தும் இந்தப் பயிற்சிக்கு வந்தேன்.

வகுப்பெடுத்தவர் வஜிஹா மேடம். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "வாயைக் குறைங்க, காதைத் திறங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்க சொல்லணும். அதை அவங்க வார்த்தையிலயே இலக்குன்னு எழுதுங்க. உங்க அறிவாளித்தனத்தை அதுல கலக்காதீங்க."

பயிற்சியை முடிக்க ஒரு நிபந்தனை உண்டு. ஆளுக்கொரு குடும்பம் தருவார்கள். வீட்டுக்கே போய் உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். வரவுக்குள் செலவு அடங்கினால் சான்றிதழ். அடங்காவிட்டால் அடுத்த அணியோடு முதலிலிருந்து. இன்னொரு முறை கழித்துவிடப்பட்டவனாக வீடு திரும்ப நான் தயாராக இல்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குக் கிடைத்தது கெலமங்கலம் சாந்தம்மாவின் குடும்பம். அவர் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர். மகள் ஹரிணி கிருஷ்ணகிரியில் நர்சிங் படிக்கிறாள். கணவர் கங்கப்பன் கிரானைட் பட்டறையில் பாலிஷ் போட்டவர். கல்தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது. இரவும் பகலும் மூக்கில் டியூப். கட்டிலுக்குப் பக்கத்தில் வாடகை ஆக்ஸிஜன் மெஷின், கிரைண்டர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் நாள் போனபோது, "ஊட்டா ஆய்த்தா சார்?" என்று கங்கப்பன் கன்னடத்தில் விசாரித்தார். சாப்பிட்டுவிட்டேன் என்றேன்.

"நல்லதாப் போச்சு. இல்லன்னா அந்தச் செலவையும் எங்க தலையில எழுதிக்குவீங்க" என்று மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாந்தம்மா போல ஒரு கிளையண்ட் கிடைப்பது அபூர்வம். பாலைக் குறைக்கச் சொன்னேன், குறைத்தார். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடக் கூடாது என்றேன், ஓடவில்லை. பூ வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டார். அப்படியும் வரவுக்குள் செலவு அடங்கவில்லை. கடைசியில் மெஷின் வாடகையும் அதற்கான கரண்ட் பில்லும்தான் துருத்திக்கொண்டு நின்றன. மற்றதெல்லாம் சரியாக இருந்த பாகத்தில் ஒரு பிசிறு.

ஒரு நாள் அவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, வாசலில் கணவரின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். உங்களுக்கு என்ன வேண்டும், உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்றேன்.

"என்னாத்த சொல்றது சார். அந்த மனுசன் மூச்சு நின்னாத்தான் எங்களுக்கு மூச்சு வரும்போல இருக்குது."

உள்ளேயிருந்து கங்கப்பன், "காதுல விழுதுடி" என்றார்.

"விழட்டும். விழணும்னுதான் சொல்றேன்."

"நான் போனா யாரத் திட்டுவ?"

"இன்னொருத்தனப் பாத்துக்கினு வந்து திட்டுறேன். வாயைத் தொற, மாத்திரை போடணும்."

இருவரும் சிரித்தார்கள். அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போய், கணவரின் காதோரம் டியூப் அறுக்காமலிருக்கப் பஞ்சு வைத்தார். நான் இலக்கை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டேன்.

வஜிஹா மேடம் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இதையெல்லாமா எழுதுவ? அலுப்புல பேசுறாங்க பிரேம். அது செலவு இல்ல, அந்த ஆளோட உயிர். கல் பட்டறை ஆளுங்களுக்கு உதவி ஏதாவது உண்டான்னு விசாரிச்சு மனு போடு. உன் சான்றிதழ் தள்ளிப் போனா போகுது."

தான் போட்ட விதியைத் தானே மாற்றினார். சொல்லிக்கொடுப்பவர்களிடம் இந்தக் குறை உண்டு. தள்ளிப் போவது அவருடைய சான்றிதழ் இல்லையே.

போன வியாழக்கிழமை சாந்தம்மா மதிய ஷிஃப்டுக்குப் போன பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும், பூட்டமாட்டார்கள். கங்கப்பன் என்னைப் பார்த்ததும், டீ போட ஆள் இல்லை என்று வருத்தப்பட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மெஷினின் ஸ்விட்சை அணைத்தேன்.

அது கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. "கரண்ட் போச்சா சார்?" என்று கேட்டார். அப்புறம் மேலே பார்த்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கரண்ட் போனால் மாட்டுவதற்கு மூலையில் ஒரு சிலிண்டர் வைத்திருந்தார்கள். அதை நோக்கிக் கை காட்டினார். திறந்தால் மறுபடி நிரப்பக் காசு ஆகும். கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கடினமான நேரத்தில் கிளையண்டின் குடும்பத்தாரைத் தனியே விடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கல் தேய்த்த கை சார், பிடி பலமாக இருந்தது. தளரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கிளம்பும்போது ஃபேனையும் அணைத்தேன். ஆள் இல்லாத அறை.

ஆனால் ஒரு பிசகு ஆகிவிட்டது. மெஷின் அணைந்து கிடந்ததைப் பார்த்து, கங்கப்பனின் தம்பி கரியப்பன், அண்ணிதான் நிறுத்திவிட்டுப் போனாள் என்று புகார் கொடுத்துவிட்டார். சாந்தம்மா அலுப்பில் சொன்ன பேச்சுக்குத் தெருவே சாட்சி சொன்னதாம். நீங்களும் அவரை அழைத்து வந்து உட்கார வைத்துவிட்டீர்கள். அவர் இங்கே உட்கார்ந்தால் சம்பளம் பிடிப்பார்கள். நான் போட்ட திட்டம் குலையும். அதனால்தான் நானாகவே வந்தேன். அவர் எதுவும் செய்யவில்லை. கங்கப்பனைக் கொன்றது நான்தான். சாந்தம்மாவுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. அதனால்தானே ஆலோசகர் தேவைப்படுகிறது.

வெளியே பெஞ்சில் இருந்த சாந்தம்மாவிடம் இதையெல்லாம் நானே விளக்கிச் சொன்னேன். மெஷினைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் வரும், ஹரிணியின் ஃபீஸுக்கு ஆகும் என்றும் சொன்னேன்.

"அவரு உன்ன நல்ல புள்ளன்னு சொல்லுவாரு" என்றார். அவ்வளவுதான். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

அதிர்ச்சி இருக்கும். போகப் போகப் புரிந்துகொள்வார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், நாளைக்குக் காலை ஷிஃப்ட். என்னை எந்த ஜெயிலில் வைப்பீர்கள் என்பதை மட்டும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள். அடுத்த சந்திப்பை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். கிளையண்டைப் பாதியில் கைவிடுவது எங்கள் தொழிலில் பெரிய பாவம்.