ஒரு வாய் மிச்சம்

— ஏட்டி கோமு, போன வாரம் ஊசி குத்துன கைய இன்னுமா தடவுத? ரெண்டு சொட்டு ரத்தத்துக்கா இந்தப் பாடு? என்னைப் பாரு, மொத்த ரத்தத்தையும் மெஷின்ல விட்டு அலசுதானுவ.

— கிட்னி குடுக்கப்போறவ நானு. தடவுவேன், தட்டுவேன். நீங்க சும்மா கெடங்க.

— வாரும்வே, இஸ்ரவேல் டாக்டரே! என்ன மூஞ்சி வாடிக்கெடக்கு? என் ஒடம்புல ஈயம் இன்னும் எறங்கலையோ?

— எறங்குது அண்ணாச்சி, பையப் பைய. மாத்திரை ஈயத்தப் புடிச்சுக் கட்டிரும். மத்தவங்களுக்கு ஒண்ணுக்கோட போயிரும். உங்களுக்குக் கிட்னி ரெண்டும் படுத்துட்டு. மெஷின் வச்சுத்தான் இழுக்கணும்.

— அப்ப, ஆத்துமணல் அள்ளுதவனப் புடிச்சாச்சு, ஏத்திட்டுப் போக ஜீப்பு இல்ல. தாசில்தாரா இருந்தப்பவும் எனக்கு இதே பாடுதான்வே.

— ஜீப்ப நாந்தான் தாரேனே.

— கேட்டீரா டாக்டரே? தங்கம்வே!

— தங்கத்தோட அருமை இப்பத்தான் தெரியுதாக்கும்! டாக்டர், எவனோ பாபநாசத்து வைத்தியன் வாலிபம் திரும்பும்னானாம். எனக்குத் தெரியாம வருசக்கணக்கா பஸ்பத்த முழுங்கியிருக்காக. இந்த வயசுல யாருக்கு வாலிபம்?

— உனக்குத்தாண்டி! டாக்டரே, சுகருக்குன்னு எழுதிக்கிடும்.

— சுகரும் அந்தப் பஸ்பத்துல இருந்த ஈயமும் சேந்துதான் கிட்னியத் தின்னுருக்கு அண்ணாச்சி. அம்மா, நீங்க கொஞ்சம் உக்காருங்க. அந்தப் பஸ்பத்த நீங்க சாப்பிட்டீங்களா?

— ஐயோ, கண்ணால கண்டதில்ல.

— ஒரே வீடாச்சேன்னு உங்களுக்கும் டெஸ்ட் பண்ணச் சொன்னேன். அண்ணாச்சிய விட உங்க ரத்தத்துல ஈயம் கூடுதல். இப்ப உங்க கிட்னிய எடுக்க முடியாது.

— என்னவே உளறுதீரு! அவளுக்கு ஒரு சிட்டிகை குடுத்ததில்ல. பால்ல கலக்கி நானேதான் குடிப்பேன்.

— கலக்குன ஒடனேயா?

— எதுக்கு அவசரம்? டிவில செய்தி பாத்துக்கிட்டே, ஆற அமரக் குடிப்பேன்.

— அது பால்ல கரையாது அண்ணாச்சி. பூரா அடியில தங்கிரும். அந்த டம்ளர என்ன செய்வீங்க?

— டாக்டர், அத எங்கிட்ட கேளுங்க. கல்யாணமான நாள்லேருந்து இவுக எனக்கு ஒரு வாய் மிச்சம் வைப்பாக. அடியில பொடி கெடக்கேன்னா, சுக்குன்னுல்லா சொன்னாக! விரல விட்டு வழிச்சுக் குடிச்சேனே!

— ஏட்டி கோமு... ஆசையாத்தாண்டி வச்சேன். அந்தப் பேதியில போவான் வைத்தியன்...

— அழாதீங்க அண்ணாச்சி. அம்மாவுக்குக் கிட்னி நல்லா ஓடுது. மாத்திரை போட்டா ஈயம் தானா வெளிய போயிரும். பொறவு கிட்னியப் பத்திப் பேசுவோம். என்ன, இன்னைக்கு ஒருத்தருக்குத்தான் மாத்திரை இருக்கு. மிச்சம் மெட்ராஸ்லேருந்து வரணும்.

— அப்ப எனக்குக் குடுங்க டாக்டர். இன்னைக்காவது இவுக மிச்சத்துக்குக் காத்துக் கெடக்கட்டும்.