தாய்மாமன் மாட்டின லோயர் ஆர்ம்

ஹலோ… அக்கா… ஆமா… ஆமாக்கா, கெளம்பியாச்சு… ராஜபாளையத்துல இருந்து எப்பவோ கெளம்பியாச்சு… ஸ்ரீவில்லிபுத்தூரும் தாண்டியாச்சு… ம்… ம்… இந்தா வந்துக்கிட்டே இருக்கோம்…

என்னது?… வண்டிச் சத்தம் கேக்கலையா?… அது நல்ல வண்டிக்கா, சத்தமே வராது…

சரி சரி, கத்தாத. நிக்கிது. வண்டி நிக்கிது… இல்ல, பஞ்சர் இல்ல… டீசலும் இருக்கு… பஞ்சர்னா நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? பஞ்சர் கௌரவமான விசயம், எல்லாருக்கும் வரும். இது நானா வரவழைச்சது…

அடி கிடி ஒண்ணும் இல்ல… விஜிக்கும் ஒண்ணும் இல்ல… சத்தியமாக்கா, பாப்பா மேல சத்தியமா… காது குத்துற அன்னைக்குப் பிள்ளை மேல சத்தியம் பண்ணக் கூடாதா? சரி, என் மேலயே பண்ணிக்கிடுதேன். அதுக்கு மதிப்பு இல்லதான்…

வத்திராயிருப்பு ரோட்டுலதான்… ஊருக்கு முன்னாடி, தென்னந்தோப்பா வரும்ல, அங்க… முன் சக்கரம்க்கா. இடது சக்கரம் சாஞ்சிருச்சு… காத்து எறங்கல, சக்கரமே சாஞ்சிருச்சு. மாடு முன்னங்கால மடக்கிப் படுக்கும்ல, அப்படிப் படுத்துருச்சு…

லோயர் ஆர்ம்… லோயர் ஆர்ம்… சக்கரத்தைக் கீழ இருந்து வண்டியோட சேத்துப் பிடிக்கிற இரும்புக்கா… அதேதான். தீவாளிக்கு வந்தப்ப, புது வேட்டியோட அத்தான் வண்டிக்கு அடியில படுத்து நூல் பிடிச்சு அளந்தேன்ல, அதேதான்… ஆமா… ஆமா, மாட்டிட்டேன்… என்னோடது துருப்பிடிச்சுப் போச்சு, பழைய சாமான் கடையில இது கெடச்சுச்சு. அத்தான் வண்டி மாடலோடது… ரெண்டும் ஒரே கம்பெனிதானக்கா. என் வண்டி மூத்தது, அத்தான் வண்டி எளையது. அண்ணன் தம்பி சட்டைய மாத்திப் போட்டுக்கிடுறது இல்லையா?…

சொன்னாக. அத்தான் சொன்னாகதான். "பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும் ராம்குமாரு, மாட்டிறாதீங்க"ன்னு மரியாதையாத்தான் சொன்னாக… நான் அதுக்கு என்ன சொன்னேன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?… வேண்டாம், சொல்லாத… சொல்லிட்டியே… ஆமா, "லத்தி பிடிக்கிறவருக்கு ஸ்பேனரைப் பத்தி என்ன தெரியும்"னு கேட்டேன். அவிய ஏட்டா இருக்கிற ஸ்டேசன்ல இருந்து நாலு பேரு பலகாரம் சாப்பிட வந்திருந்தப்பக் கேட்டேன். தனியாக் கேட்டா எடுபடாதுன்னு அவங்க முன்னாடியே கேட்டேன்… தெரியும்க்கா. அன்னையில இருந்து அவிய என்கிட்டப் பேசுறது இல்ல. நானும் பேசல, நான் பெரிய இவன்ல…

மெக்கானிக்கா? அவன்கிட்டக் கொண்டு போனா அவனும் சேராதுன்னுருவானேன்னு வீடியோவப் பாத்து நானே மாட்டுனேன்…

மாட்டும்போது சேந்துச்சுக்கா! போல்ட்டு ஓட்டை அச்சா அப்படியே உக்காந்துச்சு. அந்த நிமிசம் எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? கல்யாணத்து அன்னைக்குக்கூட அம்புட்டு இல்ல… மெதுவாப் பேசு, விஜி இருக்கா… ஒரு விரல் அகலத்துக்கு நீளம் கூட, அவ்வளவுதான். அப்புறம் நுனியில ஒரு குமிழ் இருக்கும், அது மட்டும் லேசா ஆடுச்சு. வாசர் போட்டு இறுக்கிட்டேன்… வாசர்… குழாய்க்குப் போடுறது இல்லக்கா, இரும்பு வாசர். அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்ல. அதுக்கு அடுத்த வீடு…

வலது பக்கமா?… வலது பக்கம் மாத்தல. கடையில இடதுதான் இருந்துச்சு… ஆமா, ஒரு பக்கம் அத்தான் மாடல், ஒரு பக்கம் என் மாடல். ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சா வண்டி இடது பக்கமாப் போவுது. வழியில ஒரு டீக்கடைக்குள்ளயே போகப் பாத்துச்சு. "ஏன் இப்படி இழுக்குது"ன்னு விஜி கேட்டா. "புதுச் சாமான்லா, பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்"னேன். செருப்பைப் பத்திச் சொல்ற மாதிரி சொன்னேன். அவளும் நம்புனா பாவம்…

பஸ்ஸுலயா?… தாய்மாமன் சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுலயா வருவான்? அத்தான் சொந்தக்காரங்க முன்னாடி சொந்த வண்டியில வந்து எறங்கணும்னுதான் இந்தப் பாடே பட்டேன்… சரி, பஸ்ஸாவது வரணும்ல. ரோட்டுல ஒண்ணையும் காணோம்…

விஜியா? பேச மாட்டேங்கா. புளிய மரத்தடியில சீர்த்தட்டு அம்புட்டையும் வரிசையா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பைக்குல வந்த ஒருத்தரு நிறுத்தி, ஆப்பிள் கிலோ என்னன்னு கேட்டாரு. அவருக்கும் அவ பதில் சொல்லல…

இல்லக்கா… ஒண்ணும் இல்ல… இல்ல, சிரிக்கலை, பயந்துட்டேன்…

அவ உக்காந்திருந்தது அந்தப் பக்கம்க்கா. இடது பக்கம். ஒரே ஒரு பள்ளம்… டமார்னுச்சு. நான் எந்தப் பக்கம் ஒடிச்சாலும் வண்டி கேக்கல. தரையைத் தேச்சுக்கிட்டே போயி வாய்க்கால் ஓரத்துல நின்னுச்சு. எதுத்தாப்ல எதுவும் வந்திருந்தா… வரல. வரலக்கா… ஊரு பூரா பேண்டேஜ் துணி விக்கிறவன் நான், எனக்கே ஒரு லோடு தேவைப்பட்டிருக்கும்… சரி, அழாத… அழாதன்னு சொல்லுதேன்ல… நெசத்தைச் சொன்னா நீ இப்படி அழுவன்னுதான் எடுத்ததும் ஒன்கிட்டப் பொய் சொன்னேன்…

ஆசாரி வந்துட்டாரா?… நல்ல நேரம் முடியப் போவுதா?… அப்ப ஒண்ணு செய்யி. சித்தப்பா மகன் ஹரிகிருஷ்ணன் அங்கதான இருக்கான், அவனும் மாமன்தான். அவன் மடியில பாப்பாவ உக்கார வச்சுக் குத்திருங்க… நான் சொல்லுதேன்ல… எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல… வருத்தமாத்தான் இருக்கும், அதுக்காக நேரத்தை விடுவாங்களா?…

யாருகிட்டக் குடுக்க?… அக்கா, வேண்டாம்… அத்தான்கிட்டக் குடுக்காத… பொறவு நேர்ல பேசிக்கிடுதேன்… ஏ அக்கா, அக்கா—

…வணக்கம் அத்தான்.

ம்… ஆமா… ஆமா அத்தான்… உங்க மாடல்தான்… ஒரு பக்கம்தான்… ஆமா, வாசர்… இரும்பு வாசர்… நீங்க சொன்னீங்க… சொன்னீங்க அத்தான்…

இல்ல, அன்னைக்கு நான் பேசுனது… இருக்கட்டும், நீங்க விட்டுட்டீங்க சரி, நான் சொல்லணும்ல. நாலு பேரு முன்னாடி உங்கள அப்படிக் கேட்டது தப்பு. மன்னிச்சுக்கோங்க. எனக்கு மூளையில இருந்து வாய்க்கு வர்ற சாமானும் வேற மாடல் போல, இறுக்கமா நிக்க மாட்டேங்குது…

இல்ல இல்ல, நீங்க வராதீங்க. பிள்ளையப் பெத்தவரு விசேசத்தை விட்டுட்டு ரோட்டுக்கு வர்றதாவது. ஹரிகிருஷ்ணன் மடியில வச்சு…

…

கேட்டுச்சு அத்தான். நீங்க சொன்னது கேட்டுச்சு… சொந்த மாமன் இருக்கையில இன்னொரு மடி எதுக்குங்கிறீங்க… நேரம் போனா அடுத்த நேரம் பாத்துக்கிடலாம்ங்கிறீங்க… ஆசாரியச் சாப்பிடவே உக்கார வச்சாச்சா?… சரி… சரி அத்தான்… எப்படியாவது வந்து சேந்துருதேன்…

செத்த இருங்க… ஏட்டி விஜி, எங்க போற?… நடு ரோட்டுக்குப் போறா அத்தான்… ஒரு லோடு வண்டிய மறிக்கா… தேங்காய் லோடு… நின்னுட்டான். டிரைவர்கிட்டப் பேசுதா. என்கிட்டப் பேச மாட்டேங்கா, அவருகிட்டச் சிரிச்சுப் பேசுதா… காது குத்துற கோயில் வழியாத்தான் போறாராம்… பழத்தட்டை ஏத்துதா… துணித்தட்டை ஏத்துதா… அவளும் முன்னால ஏறி உக்காந்துட்டா… ஏட்டி, எடமே இல்லையே, நான் எங்க உக்கார?…

அத்தான், பேசிட்டா! "மேல"ன்னா! ஒத்தை வார்த்தைதான், ஆனா பேசிட்டா…

ஆமா, தேங்காய் மேலதான்… வண்டியா? கெடக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கிடலாம். எவனாவது தூக்கிட்டுப் போனா அவன் கால்ல விழுந்து கும்பிடுதேன்… அத்தான், ஒரே ஒரு உதவி. மேளக்காரங்கள வாசலுக்கு அனுப்பிராதீங்க. போட்டோக்காரரையும் பந்தியில உக்கார வச்சிருங்க. நான் எறங்கி, வேட்டியில ஒட்டுன தேங்காய் நாரைத் தட்டிட்டு வந்துருதேன்…

சிரிக்கீங்களா?… அத்தான், நீங்களா சிரிக்கீங்க?… சிரிங்க, சிரிங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு… ஆமா, என்ன பல பேரு சிரிக்கிற மாதிரி கேக்குது?… ஸ்பீக்கர்லயா?… எப்ப இருந்து?… அக்கா பேசும்போதே போட்டுட்டாளா?… வாசர் எல்லாருக்கும் கேட்டுச்சா?… சரி. நல்லது. அங்க வந்து ஒவ்வொருத்தருக்கா சொல்ற வேலை மிச்சம்…

அண்ணே, ஏறிட்டேன்! மெதுவாப் போங்க… மெதுவாண்ணே!… அத்தான், வச்சிருதேன். இந்தக் கையில வெத்தலைத் தட்டு, அந்தக் கையில போனு, பிடிச்சுக்கிட ஒண்ணும் இல்ல, அடியில தேங்காய் வேற உருளுது… அய்யோ, அண்ணே—