நான்காம் கணினியில் நான் கொடுத்த சம்மதம்

என் பெயர் சந்தனமேரி, வயது 44, தகப்பனார் பெயர் ஏசுரத்தினம். இடுக்கி மாவட்டம் ஏலப்பாறையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிர் மாடியில் மேரி கம்ப்யூட்டர்ஸ் என்ற கடையை நடத்தி, அதன் பின்னறையில் தனியாகக் குடியிருக்கிறேன். பி.எஸ்சி. படித்திருக்கிறேன். மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும் என்றாலும் இதைத் தமிழில் பதிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதன்படி 2025 ஜூலை 3, வியாழக்கிழமை காலை, சப் இன்ஸ்பெக்டர் ஜோமோள் கேட்க, நான் சொல்ல, தமிழ் தெரிந்த காவலர் எழுதிக்கொண்டார்.

கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை பார்க்கும் வேல்முருகன் என்பவர், தன் மனைவி ராமலட்சுமியைக் காணவில்லை என்றும், நான்தான் அவரை ஒளித்து வைத்திருக்கிறேன் என்றும் கொடுத்த புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ராமலட்சுமியை எனக்குத் தெரியும்.

என் கடையில் ஆறு கணினிகள் இருக்கின்றன. இரண்டில் எஸ்டேட் தொழிலாளர்களின் பென்ஷன், பி.எஃப்., ரேஷன் கார்டு விண்ணப்பங்களைப் போட்டுக் கொடுக்கிறேன். மற்ற நான்கும் விளையாட வருகிறவர்களுக்கு. விண்ணப்பம் போட வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்களே போட்டுருங்க டீச்சர்" என்பார்கள். நானே படிவத்தை நிரப்பி, ஓ.டி.பி.க்கு என் போன் நம்பரைக் கொடுத்து, கடைசியில் வரும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதையும் நானே அழுத்துவேன். பதினாறு வருடமாக இதுதான் வழக்கம்.

ராமலட்சுமி 2023 ஆகஸ்டில் முதன்முறை வந்தார். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது இருக்கும். டூரிஸ்ட் காட்டேஜ் ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதன் பிறகு ஞாயிறுதோறும் இரண்டு மணிக்கு வந்து, நான்காம் கணினியில் நான்கு மணி வரை மலைப்பாதையில் லாரி ஓட்டும் விளையாட்டை விளையாடிவிட்டுப் போவார். அவ்வளவு சத்தமாக விளையாடுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. முன்னால் போகும் வண்டிகளைப் பார்த்து, "தள்ளுங்கடா, டீத்தூள் லோடு, இங்கயே ஆறிப்போயிரும்" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். லாரி மேல் ஏன் இத்தனை ஆசை என்று ஒரு நாள் கேட்டேன். "எங்க போறேன்னு எவனும் கேக்கமாட்டானுங்க அக்கா" என்றார்.

அவருடைய இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது. கதவில் மாட்டிக்கொண்டது என்று முதலில் சொன்னார். சில மாதங்கள் கழித்து, கதவைச் சாத்தியவர் கணவர் என்று சொன்னார். விளையாட்டில் பிரேக் இடது கைப் பக்கம் வரும். அவரால் சட்டென்று அழுத்த முடியாததால், அதை வலது கைப் பக்கம் எண்டர் பட்டனுக்கு நான் மாற்றிக் கொடுத்தேன்.

விளையாட்டுகளை இப்போது இணையக் கடைகளில் கணக்குத் தொடங்கித்தான் வாங்க வேண்டும். இதில் இரண்டு கடைகள் சம்பந்தப்படுகின்றன. பெயர்களைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருப்பதால் பழைய கடை, புதிய கடை என்று மட்டும் சொல்கிறேன். ராமலட்சுமியின் கணக்கு பழைய கடையில் இருந்தது. கல்யாணமான புதிதில் கணவனும் மனைவியும் அதில் சேர்ந்து விளையாடியிருக்கிறார்கள். ஏலப்பாறைக்கு வந்ததும் அவர் தன் பெயரை மாற்றி, கணவரைத் தடைப் பட்டியலில் போட்டார். அந்தத் தடை வேலை செய்கிறதா என்று வேறொரு கணினியில் என்னைச் சோதிக்கச் சொன்னார். நான் ஒரு கணக்குத் தொடங்கி, அதைத் தடுக்கச் சொல்லி, அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன்.

"தெரியறனுங்களா?"

"தெரியல."

"நல்லாப் பாருங்க அக்கா."

மூன்று முறை பார்த்தேன். தெரியவில்லை.

அதன் பிறகு இந்த வருடம் அந்த லாரி விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தது. புதிய கடை ஏதோ ஒப்பந்தம் போட்டிருந்ததால் ஒரு வருடத்துக்கு அங்கே மட்டும்தான் கிடைக்கும் என்றார்கள். ராமலட்சுமி, "புதுசா ஒரு எடத்துல பேரு குடுக்க வேண்டாமுங்க, ஒரு வருசந்தானுங்களே, பொறுத்துக்கறேன்" என்றார். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் கேட்கவில்லை.

கீழே ஜங்ஷனில் ஜோஜோ என்பவர் வைத்திருக்கும் கேம் சென்டர் புதிய கடையின் திட்டத்தில் சேர்ந்திருந்தது. சேருகிற சென்டர்களுக்கு அந்த விளையாட்டு இலவசம். பதிலுக்கு, விளையாடுகிறவரின் பெயரோடு சென்டரின் பெயரும் காட்டப்படும். விளம்பரம்தானே என்று நினைத்து நானும் சேர்ந்தேன். ஜூன் 14, சனிக்கிழமை காலை, நான்காம் கணினியில் விளையாட்டை இறக்கி, ராமலட்சுமிக்கு அவருடைய மாற்றிய பெயரில், என் போன் நம்பரிலேயே ஒரு கணக்குத் தொடங்கி, பிரேக்கை எண்டருக்கு மாற்றி வைத்தேன். நடுவில் நீளமான ஒரு ஒப்பந்தம் வந்தது. கீழே வரை தள்ளிவிட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினேன். மறுநாள் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

சந்தோஷப்பட்டார். முதலில், "ஏனுங்க அக்கா, பேரு குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். என் நம்பர்தான் கொடுத்திருக்கிறேன், பயப்பட வேண்டாம் என்றேன். அதன் பிறகு உட்கார்ந்தார். புதிய பாகத்தில் மழை பெய்தது. வைப்பர் ஆடுவதைப் பார்த்துச் சிரித்தார். அன்று மட்டும் நாலரை மணி வரை இருந்தார்.

ஜூன் 20, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒருவர் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "ஏனுங்க, மேரி கம்ப்யூட்டர்ஸ் இதுதானுங்களே" என்று கேட்டு, போனில் ஒரு மெயிலைக் காட்டினார். உங்கள் நண்பர் எங்களிடமும் வந்துவிட்டார் என்று புதிய கடை அனுப்பியிருந்தது. அதில் ராமலட்சுமியின் மாற்றிய பெயரும், என் கடையின் பெயரும், ஏலப்பாறை என்பதும், ஞாயிறு இரண்டு மணி முதல் நாலரை வரை என்பதும் இருந்தன.

"எம்பட சம்சாரமுங்க. கோவிச்சுட்டு வந்துட்டா. எந்த சிஸ்டத்துல உக்காருவாளுங்க?"

அப்படி யாரும் வருவதில்லை என்றேன். ஆனால் அவர் கேட்டபோது நான் நான்காம் கணினியைப் பார்த்தேன். வாயால் சொல்லவில்லை, பார்த்தேன்.

அவர் அங்கே போய் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தார். கணக்கு திறந்தபடிதான் இருந்தது. லாரியைக் கிளப்பி, முதல் வளைவில் இடது கையால் பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்காமல் பள்ளத்தில் இறங்கியது. அவர் மற்ற பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எண்டரில் வண்டி நின்றது. அவர் தன்னுடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவதானுங்க" என்றார். அதன் பிறகு எழுந்து, "ஞாயித்துக்கெழம வர்றனுங்க. அவகிட்டச் சொல்லீராதீங்க, பாவம், பயந்துக்குவா" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் ஏறிய பஸ் கிளம்பிய பிறகு நான் கடையைப் பூட்டி, ஆட்டோவில் காட்டேஜுக்குப் போனேன். ராமலட்சுமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்களே போட்டீங்களா அக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையில் இருந்த பாத்திரத்தை அலசி, துடைத்து, கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு ஒரு பையோடு வந்தார். அன்று மதியமே அவரை நான் பஸ் ஏற்றிவிட்டேன். புதிய கடையிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொன்னார். அன்றே விண்ணப்பித்தேன். கணக்கை அழிக்க முப்பது நாள் ஆகுமாம். இன்னும் பதினேழு நாட்கள் இருக்கின்றன.

ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை வேல்முருகன் வந்து, இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை நான்காம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். விளையாடவில்லை. திரையைக்கூடப் போடவில்லை.

இரண்டு கடைகளுக்கும் நான் எழுதிக் கேட்டேன். ராமலட்சுமியின் நண்பர் பட்டியல், தடுத்து வைத்த கணவரின் பெயரோடு, பழைய கடையின் கோப்பு ஒன்றில் என் கணினியிலேயே இருந்திருக்கிறது. உங்கள் கணினியில் இருக்கும் கோப்பை வேறொருவர் வாசித்தால் நாங்கள் பொறுப்பல்ல, எங்கள் தடை எங்கள் கடைக்குள் மட்டுமே செல்லும் என்று பழைய கடை பதில் அனுப்பியது. சம்மதம் பெற்ற பிறகே வாசித்தோம், அந்தச் சம்மதம் ஜூன் 14 காலை 11.42க்கு உங்கள் கணினியிலிருந்து கொடுக்கப்பட்டது என்று புதிய கடை பதில் அனுப்பியது. நேரம் சரிதான். அதன் பிறகு அந்த ஒப்பந்தத்தை முதலிலிருந்து வாசித்தேன். கணினியில் இருக்கும் நண்பர் பட்டியலை வாசித்து அதில் உள்ளவர்களுக்குத் தெரிவிக்கலாம் என்பது முப்பத்தொன்றாம் பத்தியில் இருக்கிறது. வாசித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

ராமலட்சுமி இப்போது எங்கே இருக்கிறார் என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "சேச்சி, ஊர்ப் பேரை மட்டும் சொல்லுங்க, நான் போய்ப் பாத்துட்டு வந்திடறேன்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் நான் சொல்வது இந்தத் தாளில் ஏறும், தாள் ஃபைலில் சேரும், ஃபைல் புகார் கொடுத்தவரின் ஊர் ஸ்டேஷனுக்குப் போகும். அதற்குப் பிறகு யார் வாசிப்பார்கள் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அதனால் மறுக்கிறேன். மறுத்தால் சட்டப்படி என்ன ஆகும் என்று விளக்கினார், புரிந்துகொண்டேன். பெண் அதிகாரி ஒருவரிடம் பேச ராமலட்சுமிக்குச் சம்மதமா என்று நான் அவரிடமே கேட்டு, அவர் சொல்வதை வந்து சொல்கிறேன். அவருக்காக நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

இந்த வாக்குமூலம் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டப்பட்டது. மூன்றாம் முறை நானே வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். காவலர் காத்திருந்தார். இதில் இருப்பதெல்லாம் உண்மை. ஓர் ஊரின் பெயர் மட்டும் இதில் இல்லை. அதைத் தெரிந்தே விட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
சந்தனமேரி
ஏலப்பாறை, 03.07.2025