இருபத்தேழுக்கு அடுத்த கறுப்பு

"அப்பா, இந்தக் கறுப்புக்குள்ள யாரு நிக்கிறாங்க?"

லைட்டுக்காரரின் மகள் லேப்டாப்பைப் பார்த்து ஒருநாள் அப்படிக் கேட்டாள். அவர் என் சிநேகிதனுடைய சித்தப்பா... அவன் சொன்ன கதை இது. நெருங்கி உட்காருங்கள்.

ஆபீஸ் கூட்டங்களில் ஸ்லைடு காட்டுவார்களே, அதே மென்பொருளில் படங்களை அடுக்கி, புரொஜெக்டர் வைத்துக் கட்டடங்கள்மேல் ஒளிக்காட்சி நடத்துவது அவர் தொழில்.

இரவு எட்டு மணி. ஈ காக்கை இல்லாத கிடங்குச் சாலை. மறுநாள் காட்சிக்கு ஒத்திகை. சூடேறிய தூசியின் வாடை... புரொஜெக்டர் விசிறியின் 'உய்ங்'.

இருபத்தேழாம் ஸ்லைடுக்கு அடுத்து ஒரு கறுப்பு ஸ்லைடு. அது அவர் வைத்ததல்ல. இரண்டு முறை அழித்தும் மறுபடி முளைத்திருந்தது. தனியாகத் தொழில் தொடங்க, தன்னிடம் ஏணி வேலை பார்க்கும் மச்சான்தான் குழி பறிக்கிறான் என்று அவருக்குப் பட்டது.

"என் ஃபைல்ல கை வச்சியாடா?"

"எனக்கு ஏணி ஏறத்தான் தெரியும், மாமா. மவுஸைத் தொட்டா அது என்னைக் கடிக்கும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளையோடு இவனைக் கழற்றிவிட வேண்டும்... மூன்றாம் முறை அழித்தார்.

மச்சான் ஏணியில் ஏறி, ஒளி விழும் கிடங்குச் சுவரில் ஜன்னலை மறைத்திருந்த துணி நழுவியதை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கோபத்தில் இவர் சுவரைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்தபடியே பட்டனைத் தட்டினார். வர வேண்டியது இருபத்தெட்டு. முழு வெள்ளை. திரும்பிப் பார்ப்பவன் கண்ணில் பட்டால்...

கறுப்பு வந்தது.

புரொஜெக்டரின் கறுப்பு முழு இருட்டல்ல; கொஞ்சம் சாம்பல் கசியும். அந்தச் சாம்பலில் யாரோ குனிந்து ஏணியின் காலைப் பிடித்திருந்தார்.

"அப்படியே பிடிங்க மாமா, இறங்குறேன்," என்றான் மச்சான்.

மாமா நாற்பதடி தள்ளி நின்றார்.

அவன் இறங்கியபோது ஏணியடியில் யாருமில்லை. ஆனால் அந்தச் சாய்ந்த இடது தோளை அவருக்குத் தெரியும். பழைய ஏணிக்காரர். மூன்று வருடத்துக்கு முன்னால், இவர் இதேபோல் பார்க்காமல் தட்டிய வெள்ளையில் கண் கூசி, விழுந்து இறந்தவர். 'குடிச்சிருந்தான்' என்று இவர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

விடிந்ததும் இவர், இறந்தவரின் மனைவி தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒருவரிடமும் சொல்லாமல் போனார்.

"அவர் குடிக்கலைம்மா. தப்பு என்னுது. இனி எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லுவேன்."

சாட்சிக்கு ஓர் ஆளில்லை. அந்த அம்மா உள்ளே போய் டீ கொண்டுவந்தார்.

தட்டில் மூன்று டம்ளர்.