ஒடக்கானுக்குப் பாயிண்ட் இல்லை

மைசூரில் ஹெப்பாள் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பாக்டரி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். சின்னவள் திடீரென்று, "ஒரு ஓணானால எங்க மாமனார் நேத்துல இருந்து சாப்பிடலக்கா" என்றாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெரியவளுக்கும்தான்.

"ஓணான் என்னம்மா பண்ணுச்சு?"

"போர்டுல எழுத்துக் கட்டைய அடுக்கி வார்த்தை சேர்ப்போமில்ல, அந்த ஆட்டத்துலக்கா. கட்டையில இங்கிலீஷ் எழுத்துதான். ஆனா எங்க வீட்டுல தமிழ், கன்னடம் எது வேணா வெக்கலாம். கூட ஆடுற ஒருத்தருக்காவது அர்த்தம் தெரியணும், அவ்வளவுதான். மாமா கையில இருந்த ஏழு கட்டையையும் வெச்சு 'ஒடக்கான்'னு போட்டாரு."

"அப்படின்னா?"

"ஓணான்தான். அவங்க சொந்த ஊரு ராமாபுரத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க வூட்டுக்காரரு மைசூர்லயே பொறந்தவரு. 'அப்படி வார்த்தையே இல்ல, எடுங்கப்பா'ன்னுட்டாரு."

"உனக்குத் தெரியுமா?"

"நானும் ராமாபுரம்தானேக்கா."

"அப்புறம் ஏன்டி சும்னே இருந்த?"

"நானும் எங்க வூட்டுக்காரரும் ஒரே டீமு. மாமா என்னையே பாத்தாரு. நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன்."

"நல்ல மருமக! மொதல்ல போன் போடு."

போட்டாள். "மாமா, ஒடக்கான்னா ஓணான். எனக்குத் தெரியும்."

"என்னங்கறாரு?"

"'உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் சாமி, அவன்கிட்டச் சொல்லு'ங்கறாருக்கா."

ஹெப்பாளில் இருவரும் இறங்கிப் போனார்கள். அந்த மனுஷர் சாப்பிட்டாரா என்று கடைசி வரை யாருமே கேட்கவில்லை.